இரண்டாம் டிரம்பெட்

வண்டி நகர்ந்ததும் இஞ்ஞாசி வழக்கம்போல டிரம்பெட்டை உதட்டில் வைத்தார், வழக்கம்போல மூன்று வால்வுகளையும் பாட்டுக்கேற்றபடி அமுக்கினார், வழக்கம்போல ஊதவில்லை. ஒரு வருஷமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. கன்னத்தை லேசாக இறுக்கிக்கொள்ள வேண்டும், மூச்சு வாங்குகிற இடத்தில் தோளைத் தூக்க வேண்டும், மேல் ஸ்வரம் வரும்போது புருவம் கொஞ்சம் ஏற வேண்டும். பார்க்கிறவனுக்கு அது போதும். கேட்கிறவனுக்குத்தான் வலதுபக்கத்தில் சின்னப்பன் இருந்தான். இன்றைக்கு வலதுபக்கம் வெறும் தார் ரோடு. சின்னப்பன் முன்னால் போகிற வண்டியில், பெட்டிக்குள், பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டோடு படுத்திருக்கிறான். முதல் வரிசையில் கிளாரினெட் வாசிக்கிற ஜெரோம்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகிறான். ஆட்டோ ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இஞ்ஞாசியிடமே வாத்தியம் படித்தவன். டிரம்பெட் கேட்காததைத் துக்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், வாத்தியார் தாங்குவாரா என்று. தாங்குவதற்கு என்ன, நடப்பதுதானே. நடந்துவிடலாம். கல்லறைத் தோட்டம்வரை விரலை ஆட்டிக்கொண்டே போய்விடலாம். அதற்குப் பிறகுதான் இருக்கிறது. காலையில் பிலோமி, சின்னப்பனின் பெண்டாட்டி, அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, குழிக்குப் பக்கத்துல நீங்க ஊதணும். மில்டரில செத்தவங்களுக்கு ஊதுவீங்களே, அது. வேற யாரும் வேணாம். நீங்க தனியா." கூடியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள், அதுதான் முறை என்றார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டார். தலையை ஆட்டாமல் என்ன செய்வது, செத்தவன் தலைமாட்டில் நின்றுகொண்டு என்னம்மா இப்படிக் கேட்கிறாய் என்று சண்டையா போடுவது. தனியா. அந்தச் சொல் மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அவள் கேட்ட அந்த லாஸ்ட் போஸ்ட்டில் விரல் வேலையே கிடையாது. வால்வே இல்லாத பியூகிளுக்காக உண்டான ராகம் அது. டிரம்பெட்டில் ஊதினாலும் ஒரு வால்வையும் தொட வேண்டியதில்லை, எல்லாம் உதடும் மூச்சும்தான். விரலை வைத்து ஊரை ஏமாற்றத் தெரிந்தவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

பல்லைக் காட்டு என்றான் அந்தக் காலத்து பேண்டு ஹவில்தார், மாட்டுச் சந்தையில் காளையைப் பார்க்கிற தரகன்போல. திருச்சியில் ராணுவத்துக்கு ஆளெடுப்பு நடந்த மைதானம், பனியனும் கால்சட்டையுமாக வரிசை, மீசை சரியாக முளைக்காத வயசு. பின்னால் நின்றது சின்னப்பன். ஒரே பங்குக் கோயில், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். இஞ்ஞாசியின் மேல்வரிசைப் பல் நூல் பிடித்தாற்போல இருக்கும். ஹவில்தார் கட்டை விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு இவன் டிரம்பெட், முதல் குரல் என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். சின்னப்பனுக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். இவனும் டிரம்பெட்தான், இரண்டாம் குரல். அவ்வளவுதான் விஷயம். ஒரு பல் அரை நெல் அளவு உள்ளே போனதற்காக ஒருத்தன் ஆயுசு முழுக்க இன்னொருத்தனுக்குக் கீழே வாசித்தான். கீழே என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை என்று பச்மடி ராணுவ இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சொல்வார். முதல் குரல் சுவர், இரண்டாம் குரல் அஸ்திவாரம் என்பார். சொல்லிவிட்டு முதல் குரலைத்தான் முன்னால் நிறுத்துவார். டில்லியில் குடியரசு தின அணிவகுப்புக்கு ஜனவரிக் குளிரில் ஒத்திகை, விடியும் முன்பே வரிசை கட்ட வேண்டும், மவுத்பீஸைச் சட்டைக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நிற்பார்கள், இல்லாவிட்டால் உதடு உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். ஒரு தடவை இஞ்ஞாசிக்கு அப்படி வந்தே விட்டது. ரத்தம். சின்னப்பன் தன் அக்குளில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, குளிர்ந்துபோன அவருடையதை வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். ஏண்டா என்றதற்கு, உன் சத்தம்தானடா வெளியே கேக்குது என்றான். அது புகழ்ச்சியா குத்தலா என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறார், இவ்வளவு வருஷம் கழித்து, வெயிலில், ஊதாத டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. லாஸ்ட் போஸ்ட் எப்போதுமே இஞ்ஞாசிதான். கொடி போர்த்தின பெட்டிகள், முகம் தெரியாத பையன்கள், வெறித்துப் பார்க்கிற அம்மாக்கள். கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு ஸ்வரம், அந்த மேலே உள்ளதை அசையாமல் பிடித்து நிறுத்தினால் கல் நெஞ்சுக்காரனும் தொப்பியைக் கழற்றுவான். சின்னப்பன் ஒரு தடவைகூட அதைத் தனியாக ஊதினதில்லை. கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன்.

ரோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியது. கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் நின்றார்கள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடச் சுவர் வந்தது. ரிட்டயர் ஆகி வந்த வருஷமே இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பேண்டு மாஸ்டர் வேலை கிடைத்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேலை; பெயர் இஞ்ஞாசிக்கு, கூடமாட சின்னப்பன். பெண் பிள்ளைகளுக்கு முதலில் வாத்தியத்தையே கொடுக்க மாட்டார்கள். வெறும் மவுத்பீஸைக் கொடுத்து உதட்டை அதிரவைக்கச் சொன்னால், ஒரு வகுப்பே வண்டுக்கூட்டம்போல ரீங்காரம் போடும், சிரிப்பில் பாதி உதடு நழுவிவிடும். சிரிக்காதீங்கடி, சிரிச்சா சத்தம் செத்துடும் என்பார் இஞ்ஞாசி. சின்னப்பனோ தானும் சேர்ந்து சிரித்துவிட்டு, பரவாயில்லம்மா, சத்தம் திரும்ப வந்துடும் என்பான். பிள்ளைகளுக்கு எந்த வாத்தியாரைப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமா? பள்ளிக்கூடம் முடிந்து, வயசு முடிந்து, பிறகு இந்த பேண்டு செட். கல்யாண ஊர்வலம், திருவிழாத் தேர், சாவு. அப்புறம் சர்க்கரை வந்தது, ஈறு இளகியது, மேல்வரிசையில் முன்பல் நான்கும் ஆட்டம் கண்டன. பல் டாக்டர், சின்ன வயசுப் பெண், எடுத்துவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் தாத்தா, சாப்பிட ஒரு தொந்தரவும் இருக்காது என்றாள். சாப்பிடுவதற்கா பல் வைத்திருந்தேன் என்று கேட்க வாய் வரவில்லை. வாய் மரத்துப் போயிருந்தது. கட்டின பல்லோடு முதல் நாள் ஒத்திகைக்குப் போனார். ஊதியதும் பல்லைக் கட்டியிருந்த பிளேட் மேலண்ணத்திலிருந்து கழன்று துள்ளியது, இடுக்கு வழியாகக் காற்று புஸ் என்று போனது. ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த அடியிலேயே சின்னப்பன் கீழ்க்குரலை விட்டுவிட்டு மேலே ஏறி முதல் குரலை எடுத்தான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒத்திகை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் அவனாகவே சொன்னான்.

"நீ விரலை மட்டும் ஆட்டு மாப்ள. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எத்தன நாளைக்குடா?"

"உனக்குப் பல்லு முளைக்கிற வரைக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டீ வந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சு எடுக்கப்படவே இல்லை, இருவருக்கும் நடுவில் அது ஒரு பழக்கமாகிவிட்டது. இரண்டாம் குரல் என்று ஒன்று இருந்ததும் அது காணாமல் போனதும் ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கூடவே வாசிக்கிற ஜெரோமுக்கே தெரியவில்லை. கடைசி வரிசையில் தோளோடு தோள் நிற்கிற இரண்டு டிரம்பெட்டில் எதிலிருந்து சத்தம் வருகிறது என்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள். வந்த சத்தமோ, சொல்லத்தான் வேண்டும், இஞ்ஞாசியின் சத்தத்தைவிட நன்றாக இருந்தது. அதுதான் முதலில் வலித்தது. பல் போனதைவிட அது வலித்தது. இத்தனை வருஷமாக இவனுக்குள் இது இருந்திருக்கிறதா, பக்கத்திலேயே நின்றேனே, கேட்கவே இல்லையே. போன பெரிய வெள்ளிக்கு ஆண்டவரின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் சின்னப்பன் வாசித்த வாசிப்பில் கோயிலே விம்மியது. உயிர்ப்புத் திருவிழாப் பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கில் இஞ்ஞாசியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். இந்த வயசிலும் என்ன சுத்தம், என்ன தம் என்றார். சனம் கை தட்டியது. சின்னப்பனும் தட்டினான், எல்லாரையும்விடப் பலமாக. பிலோமி பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் இருந்தாள், அவள் தட்டவில்லை. கையில் ஜெபமாலை வைத்திருந்தாள், அதனால் தட்டியிருக்க மாட்டாள். ஜெபமாலை வைத்திருந்தாளா? வைத்திருந்தாள் என்றுதான் நினைவு. வெளியே வந்ததும் பொன்னாடையைக் கழற்றிச் சின்னப்பனின் தோளில் போடப் போனார், சும்மா இரு மாப்ள, வீட்டுக்குக் கொண்டு போனா அவ ஆயிரம் கேள்வி கேப்பா என்று தட்டிவிட்டான். கட்டாயப்படுத்திப் போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் மடித்து வைத்தார், அதற்கு முன் ஒரு தடவை கண்ணாடி முன்னால் போட்டும் பார்த்தார். என்ன மனுஷன்.

ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. வண்டி நின்றது, பேண்டு நின்றது. அமைதி வந்ததும் பயம் நன்றாகத் தெரிந்தது. நாக்கால் பிளேட்டைத் தள்ளிப் பார்த்தார், இலேசாக ஆடியது. காலையில் பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தார். வெயிலில் வாய் உலர்ந்து பசை கோந்தாகிவிட்டது. மயக்கம் வந்து விழுந்துவிட்டால் என்ன? வயசாளி, வெயில், துக்கம், யார் குறை சொல்வார்கள். நெஞ்சு வலி என்றுகூடச் சொல்லலாம். நெஞ்சு என்றதும் உடம்பு கூசியது, சின்னப்பன் போனது அதில்தான். நேற்றுத்தான் பிலோமியின் தங்கை வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டார்: திருவிழா முடிஞ்ச கையோட டாக்டரு அத்தானை ஊதவே கூடாதுன்னுட்டாராம், இருதயம் வீங்கியிருக்குன்னு, இவரு எங்க கேட்டாரு. சின்னப்பன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எல்லாவற்றிலும் முதல் குரல், மேல் ஸ்வரம், நெஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் பிழிந்தெடுக்கிற வேலை. பக்கத்தில் அவர் புருவத்தை உயர்த்திக்கொண்டு நின்றார். இரண்டாம் குரல் வாசிப்பவனுக்கு அவ்வளவு மூச்சு செலவாகாது. இரண்டாம் குரலிலேயே இருந்திருந்தால் இன்றைக்கும் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருப்பான். நான்தான் கொன்றேனா? அப்படியெல்லாம் சொல்ல முடியாது, வியாதி வியாதிதான், வருகிற நேரம் வரும். சொல்ல முடியாதா? சரக்கு ரயில் வந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. இது முடியாமலே போய்க்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அந்தச் சத்தத்தின் மறைவில் ஒரு தடவை ஊதிப் பார்த்தார். உதட்டில் அதிர்வு இல்லை. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று மவுத்பீஸுக்குள் போய்ச் செத்தது. மாஜி ராணுவத்தார் சங்கத்துப் பெருமாள்சாமி, பழைய சுபேதார், மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தவர், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இஞ்ஞாசி, எங்க ஆளுங்க நாலு பேர் நிப்பாங்க. நீ ஆரம்பிச்சதும் சல்யூட். சரியா?"

"சரி சாப்."

"முடியலன்னா சொல்லு. செல்லுல இருக்கு, போட்டு விட்ரலாம்."

செல்லில் போட்டுவிடலாம். அந்தக் கதவு திறந்தே கிடந்தது, ஒரு தலையாட்டல் போதும். சின்னப்பனுக்கு, முகம் தெரியாத எவனோ எங்கேயோ ஊதினதை, நடுவில் போன் வந்தாலும் வரும், செல்லில் போட்டு அனுப்புவது. பெயர் தெரியாத பையன்களுக்கெல்லாம் ஊதின வாய் இது. "வேணாம் சாப், நானே ஊதறேன்" என்றது அந்த வாய். சொன்ன பிறகுதான் சொன்னோம் என்று தெரிந்தது. கேட் திறந்தது. ஜெரோம் அடுத்த பாட்டை எடுத்தான், இஞ்ஞாசியின் விரல்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. இரண்டாம் அடியில்தான் கவனித்தார், விரல்கள் ஆடியது முதல் குரலுக்கு இல்லை. சின்னப்பன் அந்தக் காலத்தில் வாசித்த கீழ்க்குரலை அவை தேடித் தேடி அமுக்கின. பாதியில் வழி தப்பியது. அடுத்த ஸ்வரம் என்னவென்று தெரியவில்லை. ஆயுசு முழுக்கப் பக்கத்தில் ஒலித்த குரல், அவருக்கு அது மனப்பாடமில்லை. கண்ணில் ஏதோ வரும்போல இருந்தது, வரவில்லை. நேற்றிலிருந்து அழுகை வரவில்லை; பயம் மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் வேலைகள் வெகு சீக்கிரம் முடிந்தன. ஃபாதர் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தார், தூபம் போட்டார், பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள், ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். பிலோமி போட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, வீட்டிலும் அழவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள். பெருமாள்சாமி சாவ்தான் என்று இந்தியில் பட்டாளத்துக் கட்டளை போட்டார், நான்கு கிழவர்கள் விறைத்து நின்றார்கள். இஞ்ஞாசி மூச்சை இழுத்தார். மூச்சு இன்னும் பழைய மூச்சுதான், நெஞ்சு நிறைய வந்தது. கீழ் ஸ்வரம். நான்கு கைகளும் நெற்றிக்குப் போயின. புஸ்ஸென்றது. மேல் ஸ்வரம். பிளேட் கழன்று கீழுதட்டில் வந்து இடித்தது, வாத்து கத்துகிற மாதிரி ஒரு பிசிறு வெளியே வந்து நின்றுபோனது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். நிறுத்திவிடலாம். நிறுத்தவில்லை. நாக்கால் பிளேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்ததை ஊதினார், அதற்கடுத்ததையும் ஊதினார், நீட்ட வேண்டியதை நீட்டி, விட வேண்டிய இடத்தில் விட்டு, முழுக்க ஊதினார். காற்று மட்டும் வந்தது. சத்தமில்லாமலே முழு ராகமும் போய் முடிந்தது. கிழவர்கள் மட்டும் அதைக் கேட்டிருக்க வேண்டும். சரியாகக் கடைசி ஸ்வரம் முடிந்த இடத்தில்தான் கையை இறக்கினார்கள். அவரும் டிரம்பெட்டை இறக்கினார்.

"பாவம்யா, மனுசன் உடைஞ்சு போய்ட்டாரு" என்றது ஒரு குரல். "இருக்காதா பின்ன, பொறந்ததுலருந்து ஒட்டிக்கிட்டே திரிஞ்சவங்க." ஃபாதர் வந்து தோளில் கை வைத்தார். "இஞ்ஞாசி, நீங்க ஊதாததுதான் இன்னிக்குப் பெரிய அஞ்சலி" என்றார், அவர் கண் கலங்கியிருந்தது. தப்பித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி இஞ்ஞாசியின் உடம்பெல்லாம் பரவியது, நல்ல தாகத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. துக்கத்தில் ஊத வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும். இனிமேல் டிரம்பெட்டைத் தொடவே மாட்டேன், நண்பன் போனபின் வாத்தியத்தைத் தொடாத மனுஷன் என்று அதற்கும் பெயர் கிடைக்கும். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிலோமி எதிரில் வந்து நின்றாள். கையில் மண் ஒட்டியிருந்தது. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"தெரிஞ்சுதாண்ணே கேட்டேன்."

"என்னம்மா?"

"வீட்டுக்குள்ள உக்காந்து ஒரு வருசமா உங்க பாட்டைப் பழகுன மனுசன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பழகுனாரு. எனக்குத் தெரியாதா? அவரு இல்லாத சத்தம் எப்படி இருக்குன்னு இந்த ஊரு ஒரு தடவையாவது கேக்கட்டும்னுதான் தனியா ஊதச் சொன்னேன்." கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "கேட்டுட்டும் உங்களத்தான பாவம்ங்குறாங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுத்துப்போயிருந்தது. திரும்பிப் போகப் பார்த்தாள். இஞ்ஞாசி டிரம்பெட்டைக் கீழே மண்ணில் வைத்தார். வாய்க்குள் விரலை விட்டுப் பிளேட்டைக் கழற்றினார். பசை விடாமல் இழுத்தது, வந்தது. நான்கு பல் கட்டின அந்தச் சிவப்புத் துண்டை எல்லாரும் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஃபாதர், பெரிய வெள்ளிக்கு ஊதுனது நான் இல்ல" என்றார். மேலுதடு உள்ளே போய்விட்டதால் பேச்சு குழறியது, பாதி காற்றாகவே வந்தது. என்ன சொல்றாரு என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். தண்ணி குடுங்கப்பா, தண்ணி என்று யாரோ ஓடினார்கள். வந்த தண்ணீர்ப் பாட்டிலை அவர் தள்ளிவிட்டார். "சின்னப்பன்" என்றார். "ஒரு வருசமா ஊதுனதெல்லாம் சின்னப்பன். எனக்குச் சத்தம் கிடையாது." அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை கத்தினார், எச்சில் தெறித்தது, கண்ணிலிருந்தும் ஒழுகத் தொடங்கிவிட்டது. ஜெரோம் கிளாரினெட்டை இறக்கிவிட்டு வாத்தியாரின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத்தான் முதலில் புரிந்தது. சனத்தைப் பார்த்துத் திரும்பி, பிசிறில்லாத தன் குரலில், "இத்தன நாளும் நம்ம கேட்டது சின்னப்பண்ணன் வாசிச்சதாம்" என்றான். பிலோமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, அழ ஆரம்பித்தாள்.